எந்திலே, மூதி!

என் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது 1994இல். ஆலங்குளத்தில், எங்கள் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, விடியற்காலை நாலரை ஆறு முகூர்த்தம். எனக்கு அப்போது ஒரு வயசு. ஆனாலும் அந்தக் காலையை நேரில் பார்த்தது போலச் சொல்ல முடியும். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள்.

மூன்றரைக்கு மாப்பிள்ளையை எழுப்பப் போயிருக்கிறார்கள். எழும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், பிறகு செம்போடு ஊற்றினார்கள். கடைசியில் நாதஸ்வரக்காரரைக் கூட்டிவந்து காதுப்பக்கம் நின்று ஊதச் சொன்னார்களாம். சித்தப்பா கண்ணைத் திறந்து, "சரி, வாரேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு மாமாக்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மணையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டியது தனக்கு ஞாபகமே இல்லை என்று அவரே சொல்வார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் கொஞ்சம் சிரிப்பார்.

சித்தி ஒரு வருஷத்துக்குள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். இந்தப் பகுதி கதையில் வராது.

ஆச்சி அவரை எழுப்பும்போது சொல்வது ஒரே வாசகம்தான்: "எந்திலே, மூதி!" நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்த மூதியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. திட்டாகவும் வரும், செல்லமாகவும் வரும். எங்கள் வீட்டில் அது அடுத்த தலைமுறைக்கும் வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அந்தப் பெயர் எனக்கு.

ஏன் சிலரை எழுப்ப முடிவதில்லை? இந்தக் கேள்வி எனக்குச் சொந்தப் பிரச்சினை. பதில் தேடிப் புறப்பட்டபோது, எழுப்புவதற்கும் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது. தமிழில் அது ரொம்பப் பழையது.

தொல்காப்பியத்தின் பாடாண் திணையில் இரண்டு துறைகள் உண்டு. ஒன்று கண்படை நிலை, அரசனைத் தூங்கச் சொல்வது. இன்னொன்று துயிலெடை நிலை, தூங்கும் அரசனைச் சூதர் புகழ்ந்து பாடி எழுப்புவது. ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு இலக்கணத்திலேயே இடம் இருந்திருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு, நீர் வடியும் பாத்திரத்தைப் பார்த்துப் பொழுது இவ்வளவு ஆயிற்று என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நாழிகை என்பது 24 நிமிஷம், நாள் ஒன்றுக்கு 60. நாழிகை எண்ணிச் சொல்ல ஆள் வைத்துக்கொள்ள அரசனால்தான் முடியும். மற்றவர்களுக்குக் கோழியும் விடிவெள்ளியும்தான்.

பிறகு பக்திக் காலம் வருகிறது. அரசனுக்கான பாட்டு கடவுளுக்குப் போகிறது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அரங்கனுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறார். மாணிக்கவாசகர் சிவனுக்குப் பாடுகிறார். 20ஆம் நூற்றாண்டில் பாரதி அதே வடிவத்தை எடுத்துப் பாரத மாதாவை எழுப்புகிறார். மார்கழி மாசம் எங்கள் ஊர்க் கோயில் மைக்செட்டில் கேட்கும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதமும் இந்த வரிசைதான். அதன் முதல் சுலோகம் வால்மீகி ராமாயணத்தில் விசுவாமித்திரர் ராமனை எழுப்பும் இடம். ஆக ராமனையும் ஒருவர் எழுப்ப வேண்டியிருந்தது. ஆனால் ராமனை யாரும் மூதி என்று சொல்லவில்லை.

திருப்பாவையில் எழுப்பப்படுகிறவர்கள் சாதாரணப் பெண்கள். அதனால் தொனியும் மாறிவிடுகிறது. வாசலில் நின்றுகொண்டு தோழிகள் கேலி பேசுகிறார்கள். நீ என்ன ஊமையா, செவிடா என்று ஒரு பாட்டில் கேட்கிறார்கள். இன்னொன்றில், கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தை உனக்கே கொடுத்துவிட்டானா என்று கேட்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் ஹாஸ்டலில் என்னைக் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

கும்பகர்ணனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உத்தர காண்டத்தின்படி அவன் தவம் இருந்து வரம் கேட்கும் நேரத்தில் சரஸ்வதி நாவில் புகுந்து வார்த்தையைப் புரட்டிவிடுகிறாள். அவன் தூக்கத்தைக் கேட்டுவிடுகிறான். அந்தத் தூக்கம் அவன் விரும்பி ஏற்றதல்ல, அவன்மேல் சுமத்தப்பட்டது. யுத்தம் முற்றியபோது ராவணன் அவனை எழுப்பி வரச் சொல்கிறான். கம்பனில் இது ஒரு பெரிய காட்சி. சங்கும் தாரையும் ஊதுகிறார்கள், ஆயுதங்களால் அடிக்கிறார்கள், அவன் மார்பின்மேல் குதிரைகளை ஓட்டுகிறார்கள். அந்தக் குளம்படி அவனுக்குத் தொடையைத் தட்டித் தூங்கவைப்பது போல இருக்கிறதாம். இன்னும் ஆழமாகத் தூங்குகிறான். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று அலாரம் அடித்து ஓய்ந்த காலைகளில், அந்தச் சத்தம் கனவுக்குள் ஒரு பஸ் ஹாரனாகவோ கோயில் மணியாகவோ மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும்.

விழித்தபிறகு கும்பகர்ணன் அண்ணனிடம் நியாயம் பேசுகிறான். சீதையை விட்டுவிடு என்கிறான். பிறகு, செஞ்சோற்றுக் கடனுக்காகப் போய்ச் சாகிறான். அந்த வீட்டில் தெளிவாகப் பேசியவர்களில் அவனும் ஒருவன். ஆனால் நம்மிடம் மிஞ்சியது கும்பகர்ணத் தூக்கம் என்ற வசவு மட்டும்.

தூக்கம் எப்போது குணக்கேடாக மாறியது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. குறளில் மடியின்மை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கெட்டுப்போகிறவர்கள் ஆசையோடு ஏறும் கலங்கள் என்று வள்ளுவர் நான்கைச் சொல்கிறார்: காலம் தாழ்த்துவது, மறதி, சோம்பல், தூக்கம். இன்னொரு குறளில் சோம்பலிடம் மூத்தவள் தங்குவாள், சோம்பாதவனின் உழைப்பில் தாமரையாள் தங்குவாள் என்கிறார். அந்த மூத்தவள்தான் தவ்வை, சேட்டை, மூத்த தேவி. மூதேவி. எங்கள் ஆச்சியின் வாயில் தேய்ந்து மூதி.

இந்த மூதேவிக்குக் கோயில் இருந்தது என்று தெரிந்தபோது நான் அசந்துபோனேன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் இருக்கிறது. பல்லவர், முற்காலப் பாண்டியர் காலத்தில் தமிழகம் முழுக்க அவளைச் செதுக்கி வைத்து வழிபட்டிருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்தில் 8ஆம் நூற்றாண்டில், பாண்டிய அரசின் அதிகாரி ஒருவரின் மனைவி அவளுக்குச் சன்னிதி எடுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. பெருத்த வயிறு, காக்கைக் கொடி, இரண்டு பக்கமும் மகனும் மகளும். காலப்போக்கில் வழிபாடு நின்றது. சிலைகள் பல குளக்கரைக்கும் வேலியோரத்துக்கும் போயின. பெயர் மட்டும் வசவாக நம் வீடுகளில் தங்கிவிட்டது. தினமும் காலையில் ஆச்சி ஒரு பழைய தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் சித்தப்பாவை எழுப்பியிருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தது சங்கு. 1880களில் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை தொடங்கினார்கள். ஆலை வந்த ஊர்களில் ஷிப்டு வந்தது, ஷிப்டோடு சங்கு வந்தது. கோழி கூவினால் இன்னும் கொஞ்சம் புரண்டு படுக்கலாம். சங்கு ஊதிய பிறகு புரண்டால் அரைநாள் கூலி போய்விடும். இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் நீண்ட கழியால் ஜன்னலைத் தட்டித் தொழிலாளிகளை எழுப்பவே கூலிக்கு ஆள் இருந்தார்கள். துயிலெடை பாடிய சூதர்களின் கடைசி வாரிசு அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். பாட்டு போய், கழி வந்துவிட்டது.

எங்கள் பக்கம் சங்கு இல்லாத ஆலை ஒன்று உண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா மடியில் சொளவை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்று வரை சுற்றுவாள். காலையில் நாலரைக்கு எழுந்து மிச்சத்தைக் கட்டுவாள். அவள் தூக்கம் ஐந்தரை மணி நேரம், சில நாள் அதுவும் கிடையாது. அந்த வீட்டில் ஒருவர் பதினொரு மணி நேரம் தூங்கினால் அவரைப் பார்க்க எப்படி இருக்கும்? அதனால் ஆச்சியையும் அம்மாவையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் கண்ணுக்கு அது அடுத்தவர் உழைப்பைத் திருடுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

சித்தப்பா ஒரு பஞ்சாலையில் சேர்ந்தார், நின்றார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லோடு ஏற்றப் போனார். அது விடிவதற்கு முந்திய வேலை. இரண்டு மாசம்கூடத் தாங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் நல்ல சுறுசுறுப்பாக இருப்பார். சைக்கிளில் வைத்து என்னைக் குற்றாலம் ரோட்டில் கொஞ்ச தூரம் கூட்டிப்போவார், சாரல் முகத்தில் அடிக்கும். காலையில் மட்டும் அவர் வேறு ஆள்.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் தூக்கத்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ, பகலில் திடீர் திடீரெனத் தூக்கத்தில் விழும் நோய்க்கு நார்கோலெப்சி என்று பெயர் வைத்தார். 1917இல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ ஒரு விநோதக் கொள்ளைநோயை விவரித்தார். அதில் சிலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள், சிலருக்குத் தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோது, ஹைப்போதலாமஸ் பகுதியின் பின்புறம் கெட்டவர்கள் தூங்கியிருந்தார்கள், முன்புறம் கெட்டவர்கள் விழித்துக் கிடந்தார்கள். விழிப்பு என்பது மூளை தானே உண்டாக்கித் தாங்கிப்பிடிக்க வேண்டிய ஒரு நிலை என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. பிழைத்தவர்களில் சிலர் பல பத்தாண்டுகள் உறைந்த நிலையில் கிடந்தார்கள். 1969இல் ஆலிவர் சாக்ஸ் அவர்களுக்கு எல்-டோபா கொடுத்து எழுப்பிய கதைதான் 'அவேக்கனிங்ஸ்' என்ற புத்தகமும் படமும்.

1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் கண் உருளும் கனவுத் தூக்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். தூக்கத்துக்குள் படிகள் இருக்கின்றன, மிக ஆழமான படியில் மூளை அலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் ஓடுகின்றன என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அந்தப் படியிலிருந்து எழுப்பினால் யாருக்குமே சில நிமிஷம் தடுமாறும். யோசிக்கவும் முடிவெடுக்கவும் உதவும் முன்மூளை மற்ற பகுதிகளைவிடத் தாமதமாக விழிக்கிறது. பேசுவார், நடப்பார், அலாரத்தை அணைப்பார். பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது.

பெரும்பாலானவர்களுக்கு இது அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். சிலருக்கு மணிக்கணக்கில் தெளியாது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகில் பெட்ரிக் ரோத் என்ற நரம்பியல் மருத்துவர் இப்படிப்பட்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்து, 1972இல் தன் சகாக்களோடு எழுதினார். அந்த நிலைக்கு அவர் பயன்படுத்திய பெயரைத் தமிழில் தூக்க போதை என்று சொல்லலாம். இரவில் நீண்ட, ஆழ்ந்த தூக்கம். காலையில் எழுப்பவே முடியாத நிலை. எழுந்தாலும் குடித்தவர் போலத் தடுமாற்றம். பகல் தூக்கம் போட்டாலும் தெளிச்சி வராது. வாசித்துக்கொண்டே வந்தவன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்த மாப்பிள்ளை அங்கே இருந்தார்.

எழ முடியாத எல்லோருக்கும் இதே காரணம் இல்லை. சிலருக்குக் கெட்டிருப்பது கடிகாரம். இந்த ஆராய்ச்சி நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் மாணவர்களும் பக்கத்து மலைக்குகை ஒன்றில் வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத இருட்டில் கூண்டில் அடைத்துவைத்த வௌவால்கள், குகையில் சுதந்திரமாகப் பறந்து வெளியே போய்வரும் கூட்டத்தின் நேரத்தையே பின்பற்றின. கூட்டம் இல்லாமல் தனியாக வைத்தபோது அவற்றின் நேரம் மெல்ல விலகிப்போனது. பிற்பாடு அங்கே மனிதர்களையும் கடிகாரம், வெயில், செய்தித்தாள் எதுவும் எட்டாத தனியறையில் தங்கவைத்துப் பார்த்தார்கள். 1962இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு மாசம் தனியாகக் குகைக்குள் இருந்துவிட்டு செப்டம்பர் 14ஆம் தேதி வெளியே வந்தார். அன்றைக்கு ஆகஸ்ட் 20 என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது சரியாக 24 மணி நேரம் அல்ல, பெரும்பாலோருக்குக் கொஞ்சம் கூடுதல். தினமும் வெளிச்சம் அதைத் திருத்துகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலை மடிப்பதும் இப்படி ஒரு கடிகாரத்தால்தான். அலெக்சாண்டரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தெனஸ் புளியமரத்தின் இலை ராத்திரி மூடிப் பகலில் திறப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கடிகாரம் சிலருக்கு மூன்று நான்கு மணி நேரம் பிந்தி ஓடும். அவர்களை அவர்கள் நேரத்துக்குத் தூங்கவிட்டால் நன்றாகத் தூங்கி, நன்றாக எழுவார்கள். இப்படிப் பிந்தும் தூக்கத்தை 1981இல் தனிக் கோளாறாக விவரித்தார்கள். 2017இல் சில குடும்பங்களில் இதற்குப் பின்னால் ஒரு மரபணு மாற்றம் இருப்பதையும் கண்டார்கள். அதே வருஷம் உடல் கடிகாரத்தின் மரபணுக்களை ஆராய்ந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு எது என்று தெரிந்துகொள்ள 2022இல் சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். இரண்டாவது வேலையும் போயிருந்த நேரம். டாக்டர் முதலில் சாதாரணக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினார். தூக்கம் போதாமை, தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள். குறட்டையோடு மூச்சு அடைபடுகிறதா என்று கேட்டார். பகல் தூக்கத்துக்கு அடிக்கடி காணும் காரணம் அதுதான், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. இரண்டு வாரம் கையில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு தூக்கக் கணக்கு எழுதினேன். ஒரு ராத்திரி தலையில் ஒயர்களோடு படுத்தேன். மறுநாள் இரண்டு மணிக்கு ஒரு தடவை இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிஷத்தில் தூங்குகிறேன் என்று பார்த்தார்கள். சராசரி எட்டு நிமிஷமோ அதற்குக் குறைவோ இருந்தால் அது கோளாறின் அடையாளம். எனக்கு ஐந்து.

இடியோபதிக் ஹைப்பர்சோம்னியா என்று எழுதிக் கொடுத்தார். முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "காரணம் தெரியலைன்னு அர்த்தம் தம்பி" என்றார். முழுசாகக் குணமாகாது, மாத்திரையால் பகலைச் சமாளிக்கலாம். இதற்கென்றே அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2021இல்தான். நான் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது உண்டு, ஆனால் பார்க்காத ஆளுக்கு நோய் சொல்ல முடியாது என்றார். நியாயம்தான். சித்தப்பா 2008இல் மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டார். அவர் தலையில் யாரும் ஒயர் மாட்டவில்லை. அவருக்கும் இதுதான் என்று நான் சொன்னால் அது அன்பினால் சொல்வது, அறிவியல் அல்ல.

ரிப்போர்ட்டோடு ஊருக்குப் போனேன். அம்மா பீடி சுற்றுவதை நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் நாலரைக்கு முழிப்பு தட்டிவிடும். தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ உனக்குச் சோம்பேறித்தனம் இல்லையா?"

"இல்லம்மா. நோய்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க சித்தப்பாவ நான் ஒரு நா வாரியலால அடிச்சிருக்கேன்லே" என்றாள். "அடிச்சும் எந்திக்கல. அன்னைக்கு ராத்திரி சாப்பிட வந்து உக்காந்து, 'மைனி, கையில எப்படியோ சிராய்ச்சிருக்கு'ன்னு காட்டுனாரு."

நான் எதுவும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் சித்தப்பாவிடம், எல்லாரும் இப்படிக் கத்துகிறார்களே, உங்களுக்குக் கேட்காதா என்று கேட்டிருக்கிறேன். சைக்கிளை நிறுத்திவிட்டு யோசித்துச் சொன்னார்: "சில நா கேக்கும்லே. கெணத்துக்குள்ள கெடந்து மேல பேசுறதக் கேக்குற மாதிரி. ஏறி வரதுக்குள்ள எல்லாரும் போயிருவாங்க." அப்போது எனக்கு அது புரியவில்லை. நான்கு வருஷம் கழித்து, ப்ளஸ் டூ பரீட்சை நாளில், அதே கிணற்றுக்குள் நானும் கிடந்தேன்.

போன ஆவணியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஒரு மாமா வழக்கம்போல நாதஸ்வரக் கதையை ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகள் சிரிக்கத் தயாரானார்கள். அம்மா பந்தியிலிருந்தே சத்தம் போட்டாள்: "அண்ணாச்சி, அந்தக் கதைய விடுங்க. அவருக்குச் சொகமில்லாம இருந்திச்சு."

மாமா ஒன்றும் புரியாமல் பார்த்தார். அதன்பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.